காலர் மட்டும் மக்கவில்லை

எங்கள் ஆயத்த ஆடை நிறுவனத்தில் ஜூன் 5 வந்தால் மரக்கன்று நடுவது பல வருடப் பழக்கம். உலகச் சுற்றுச்சூழல் தினம் என்று ஃபிளெக்ஸ் பேனர் கட்டுவோம். மேலாளர் ஒரு வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவார். படம் எடுத்து முடிந்ததும் எல்லோரும் தையல் இயந்திரத்துக்குத் திரும்பிவிடுவார்கள். பாளையங்கோட்டைப் பக்கம் ஜூன் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குற்றாலத்தில் சாரல் விழும். நமக்கு அதன் காற்று மட்டும்தான் வந்து சேரும். நம்முடைய மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகிழக்குப் பருவமழை. வைகாசியில் நட்ட கன்று ஆடிக் காற்றில் குச்சியாகிவிடும். "போன வருடக் குழி அப்படியே கிடக்கிறது சார், புதிதாக வெட்ட வேண்டாம்" என்று தோட்டவேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருமுறை என்னிடம் சொன்னார். சிரிக்காமல் சொன்னார்.

நான் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ஊழியர்களைச் சுற்றுச்சூழல் பணிகளில் ஈடுபடுத்துகிறீர்களா என்பது வெளிநாட்டு வாங்குநர்களின் தணிக்கைப் படிவத்தில் ஒரு கேள்வி. அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று எழுதுவதற்காகத்தான் இதெல்லாம் தொடங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நல்ல காரியங்கள் பலவும் இப்படி ஏதோ ஒரு படிவத்திலிருந்து தொடங்குகிறவைதாம். சொற்பொழிவும் வைத்துப் பார்த்தோம். முன்வரிசையில் சூப்பர்வைசர்கள் குறிப்பெடுத்தார்கள், பின்வரிசையில் கொட்டாவி. பிறகு, எங்கே போகலாம் என்று தொழிலாளர்களையே கேட்டபோது செக்கிங் பிரிவிலிருந்து ஓர் அக்கா, "பாபநாசத்தில் ஆற்றில் கிடக்கிற துணியை எடுக்கப் போவோமா?" என்றார்.

தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும்வரை சுமார் 128 கிலோமீட்டர். முழு ஓட்டமும் தமிழ்நாட்டுக்குள்தான். மலையிலிருந்து சமவெளிக்கு இறங்குகிற இடத்தில் பாபநாசநாதர் கோயில் படித்துறை. அமாவாசைகளில் தர்ப்பணம் கொடுக்கவும், பாவம் தொலையக் குளிக்கவும் எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். குளித்தபின் உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. வேட்டியும் சேலையும் பருத்தியாக இருந்த காலத்தில் அது மக்கிப் போயிருக்கும். இப்போது விடுவதில் பெரும்பகுதி பாலியஸ்டர். அது பாறையிலும் மரவேரிலும் சுற்றிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமையில் போனோம். அதற்குச் சம்பளம் உண்டு என்று முதலிலேயே எழுதி ஒட்டினோம். இதைச் சிலர் குறையாகப் பேசினார்கள். மனமிருந்தால் சும்மா வர மாட்டார்களா என்றார்கள். வாரம் ஆறு நாளும் தைக்கிற பெண்ணுக்கு ஞாயிறு ஒன்றுதான் துணி துவைக்க, தலை குளிக்க, தூங்க. அதை இலவசமாகக் கேட்டு வாங்கி, அதற்கு ஈடுபாடு என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. அதே போல, இருட்டுவதற்குள் அவரவர் ஊர் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட வேண்டும். போகிற இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவர வேண்டும். ஆற்றைச் சுத்தம் செய்யப் போகிறவர்கள் பிளாஸ்டிக் பாட்டிலோடு இறங்கக் கூடாது என்று எவர்சில்வர் தம்ளர்களும் குடிதண்ணீர் கேனும் கொண்டு போனோம். நகராட்சியிடம் அனுமதி வாங்கி, எடுக்கிற துணியை எங்கே குவிப்பது, யார் ஏற்றிப் போவது என்பதையும் பேசி வைத்திருந்தோம். இதைப் பேசாமல் போனால் அடுத்த வெள்ளத்தில் அந்தக் குவியல் மறுபடி ஆற்றுக்குள்தான்.

நனைந்த சேலை எவ்வளவு கனக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. மடிப்புக்குள் மணல் புகுந்து இறுகியிருக்கும். மருதமர வேரில் சுற்றிய ஒன்றை மூன்று பேர் பிடித்து இழுத்தும் வரவில்லை. அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அறுக்க யாருக்குத் தெரியும்? கட்டிங் மேசைக்காரர்களுக்குத் தெரியும். எந்தப் பக்கம் கத்தி வைத்தால் துணி நேராகக் கிழியும் என்று அவர்கள் சொல்ல, கணக்குப் பிரிவு அலுவலர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டுச் செய்தார்கள். ஆலைக்குள் இந்த இரண்டு தரப்பும் சம்பள நாளில் தவிர முகம் பார்த்துக்கொள்வதில்லை.

நண்பகலுக்கு முன்னால் அந்தச் செக்கிங் அக்கா சேற்றிலிருந்து ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். சட்டை என்று சொல்ல முடியாது. பருத்தித் துணி முழுவதும் மக்கிப் போய், காலர் மட்டும் உள்ளே வைத்த கேன்வாஸோடு விறைப்பாக நின்றது. அதிலிருந்து தோள் தையல், கைத் தையல், பட்டன் பட்டி எல்லாம் வெறும் நூலாக, மீன்முள் போலத் தொங்கின. பட்டன்கள் ஒன்றுகூட விழவில்லை. "தையல் நல்ல தையல் சார். நாமும் இந்த நூல்தான் போடுகிறோம்" என்றார். தொழிலாளியின் மெச்சல் பாதி, வருத்தம் பாதி. பருத்திச் சட்டை என்று நாங்கள் லேபிள் ஒட்டி அனுப்பினாலும் தைக்கிற நூல் பாலியஸ்டர், கேன்வாஸில் தடவியிருப்பது பிளாஸ்டிக் பசை. அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்தக் காலர் கை மாறிக் கை மாறிப் போனபோது யாரும் கொட்டாவி விடவில்லை.

திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில் கேள்விகள் தொடங்கின. நம் வெட்டுத் துணி எங்கே போகிறது? பருத்தியையும் கலப்புத் துணியையும் ஏன் ஒரே மூட்டையில் கட்டுகிறோம்? கலந்து கட்டினால் கழிவு வியாபாரி குறைந்த விலைதான் தருவார். தனிப் பருத்தி என்றால் பஞ்சாக்கி மறுபடி நூற்கலாம், விலையும் கூடும். கட்டிங் பிரிவில் இரண்டு நிறச் சாக்குகள் வந்தன. எதில் எதைப் போடுவது என்று நான் அறிவிப்புப் பலகை எழுதுவதற்கு முன்பே அவர்கள் பழகிவிட்டார்கள். ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு பாலித்தீன் உறை போடுவதை நிறுத்தலாமா என்றும் கேட்டார்கள். அதற்கு மட்டும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உறை வாங்குநரின் நிபந்தனை. சுற்றுச்சூழல் கேள்வியை அனுப்புகிறவரும் உறை கேட்கிறவரும் ஒருவரே என்பதைத் தொழிலாளர்களிடம் விளக்குவது சங்கடமான வேலை.

ஜூன் 5 விழாவை நாங்கள் நிறுத்தவில்லை. நடுகையை மட்டும் புரட்டாசிக்குத் தள்ளினோம். ஆலைக்குப் பக்கத்துக் குளத்துக் கரையில் பனைவிதை. சீமைக் கருவேலத்தை வெட்டி ஒதுக்கி, விதையை ஒரு சாண் ஆழத்தில் போட்டு மூடினால் போதும், மழை பார்த்துக்கொள்ளும். பனை முதலில் கீழ்நோக்கித்தான் இறங்கும், மேலே இலை தெரிய மாதங்கள் ஆகும். அதனால் மேலாளருக்குப் படம் எடுக்க ஒன்றுமே இல்லை. ஒரே ஆபத்து பொங்கல் சமயம்: ஊர்ப் பிள்ளைகள் கிழங்கு என்று தோண்டிவிடுவார்கள். அவர்களையும் கூட்டி வைத்துப் பேசி, ஒரு பாத்தியைக் கிழங்குக்கென்றே தனியாக விதைத்துக் கொடுத்தோம். இந்த யோசனை தோட்டத்து அண்ணாச்சியுடையது. அவருடைய அப்பா அந்தக் குளத்தில் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவராம். மடை எங்கே, மிகுந்த தண்ணீர் வெளியேறுகிற மறுகால் எங்கே, கரையில் எந்த இடம் இளக்கம் என்று எங்கள் பொறியாளருக்கு அவர்தான் நடந்து காட்டினார்.

இந்த வருடம் தொழிலாளர் குழு ஒரு மனு கொடுத்திருக்கிறது. ஏதோ ஒரு ஞாயிறு வேண்டாமாம். ஆடி அமாவாசைக்கு மறுநாளே பாபநாசம் போக வேண்டுமாம். துணி வேரில் சுற்றி இறுகுவதற்கு முன்னால் எடுத்தால் பாதி உழைப்பு போதும் என்பது அவர்கள் கணக்கு, சரியான கணக்கு. அந்த வாரம் ஏற்றுமதிக்குச் சரக்கு அனுப்பும் கெடு இருக்கிறது என்று உற்பத்திப் பிரிவு மறுக்கிறது. ஒரு லைன் தொழிலாளர்களை மட்டுமாவது விடுங்கள் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். கோப்பு மேலாளர் மேசையில் இருக்கிறது.