ஒரு கையால் ஓட்டியவர்

டிராக் ரேஸ் என்றால் குறுகிய நேர்ப்பாதையில் யார் முந்துவது என்ற கார் பந்தயம். 1960களின் கலிபோர்னியா டிராக் ரேஸ் வீடியோக்களில் ‘வைல்ட் வில்லி’ போர்ஷ் என்ற ஓட்டுநரைத் தேடிப் பாருங்கள். வண்டியின் பெயர் ‘விங்ட் எக்ஸ்பிரஸ்’. 1923 ஃபோர்டு மாடல் டி உடல், தலைக்கு மேல் ஒரு பெரிய இறக்கை, முன்னால் சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) வைத்த கிரைஸ்லர் ஹெமி எஞ்சின். இந்த ரகத்துக்கு ஃப்யூயல் ஆல்டர்ட் என்று பெயர்.

எரிபொருள் நைட்ரோமீத்தேன். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இதற்கு 1.7 கிலோ போதும், ஆக்சிஜனைத் தன்னோடே கொண்டுவருகிறது. அதனால் அதே காற்றில் பல மடங்கு எரிபொருளை ஊற்றலாம். சக்தி பேய்த்தனமாக ஏறும். ஆனால் வண்டியோ குட்டை, நீளமான டிராக்ஸ்டர் மாதிரி நேராகப் போகாது, பாம்பாக நெளியும்.

அதை இந்த மனுஷன் ஒரே கையால் ஓட்டினார்! இன்னொரு கை வண்டியின் விளிம்பைப் பிடித்திருக்கும். இன்றைய பாதுகாப்பு அதிகாரி பார்த்தால் மயங்கி விழுவார். 1967இல் மணிக்கு 200 மைலையும் தாண்டினார்.

அப்புறம் ஃபன்னி கார்கள், அதாவது சாதாரணக் கார் போன்ற மேலுடல் போர்த்திய பந்தய வண்டிகள், வந்து கூட்டத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டன. அவை வேகம்தான், சரி. எனக்கென்னவோ இந்தக் கோணல் வண்டிகள்தான் பிடித்திருக்கின்றன.