‘மியூச்சுவல்’: பொதுவா, ஒருவருக்கொருவரா?

ஆங்கில ஒப்பந்தங்களை ஜெர்மனில் பெயர்க்கும் வேலைக்கு வந்த முதல் ஆண்டில், ‘மியூச்சுவல்’ என்ற சொல்லுக்கு அகராதி முதலில் தந்த ‘கேகன்சைட்டிக்’ என்பதையே எல்லா இடத்திலும் இட்டுவந்தேன். ஓர் இயந்திர உற்பத்தியாளரும் விற்பனை முகவரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இருவருக்கும் பொதுவான வாடிக்கையாளர்களைக் குறித்த வரியிலும் அதுவே இருந்தது. வரைவைச் சரிபார்த்த ஜெர்மானியப் பெண்மணி அதை அடித்து, ‘கெமைன்சாம்’ என்று திருத்தி, ஓரத்தில் கேட்டிருந்தார்: “இவர்கள் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளர்களா?” நான் எழுதியதற்கு அப்படித்தான் பொருள்.

தமிழில் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டேன் என்பதுதான் என்னை உறுத்தியது. இருவருக்கும் தெரிந்தவரைப் ‘பொதுவான நண்பர்’ என்கிறோம்; மதிப்பையோ ‘ஒருவருக்கொருவர்’ தருகிறோம். அன்று முதல், ஜெர்மன் சொல்லைத் தேடுமுன் வரியைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். ‘பொது’ என்று வந்தால் கெமைன்சாம். ‘ஒருவருக்கொருவர்’ என்று வந்தால் கேகன்சைட்டிக். இருவரும் மனமொத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் பிரிவில் ‘ஐன்ஃபெர்னேம்லிஷ்’ என்ற சொல்லே போதும். மனமொத்து என்றாலே இருவரும் அதில் அடங்கிவிடுகிறார்கள்.

‘கேகன்’ என்றால் ‘எதிர்’. உறவைச் சொல்லும் சொல்லில் எதிர்ப்பு ஏன் என்று முதலில் தயங்கினேன். ஆனால் நம் ‘எதிர்’ என்ற சொல்லிலிருந்தும் எதிரி வருகிறான், எதிர்வீடும் வருகிறது. ஜெர்மன் சட்டத்தில் இது எதிர்வீட்டு எதிர்தான். 1900 முதல் நடைமுறையில் உள்ள அந்நாட்டு உரிமையியல் சட்டத்தொகுப்பின் 320ஆம் பிரிவு, ‘கேகன்சைட்டிக்’ என்று அது குறிக்கும் இருதரப்புக் கடமை கொண்ட ஒப்பந்தத்தில், முதலில் செய்து முடிக்கும் பொறுப்பு தன்மேல் இல்லாதவரை, மற்றவர் தம் பங்கைச் செய்யும்வரை ஒருவர் தம் பங்கை நிறுத்தி வைக்கலாம் என்கிறது. இருவரும் முகம் பார்த்து நிற்கிறார்கள். ஒருவர் கை நீண்டால்தான் மற்றவர் கையும் நீளவேண்டும்.

இந்தச் சொல்லின் கனிவான முகத்தைக் காப்பீட்டு ஆவணங்களில்தான் கண்டேன். 1820இல் ஜெர்மனியின் கோத்தா நகர வணிகர் எர்ன்ஸ்ட் வில்ஹெல்ம் ஆர்னோல்டி தொடங்கிய தீக்காப்பீட்டு வங்கியில், காப்பீடு செய்தவர்களே ஒருவர் இழப்பை ஒருவர் தாங்கினார்கள். மிஞ்சிய பணமும் அவர்களுக்கே திரும்பியது. இத்தகைய சங்கங்கள் இன்றும் ‘கேகன்சைட்டிக்கைட்’ (ஒருவருக்கொருவர் என்னும் தன்மை) என்பதைப் பெயரிலேயே கொண்டிருக்கின்றன. அண்மையில் அப்படியொரு சங்கத்தின் விதிகளைப் பெயர்த்தபோது அந்தச் சொல்லைத் தயங்காமல் எழுதினேன். இம்முறை ஓரத்தில் கேள்வி எதுவும் வரவில்லை.