இறங்காத கை

மனநல வார்டில் நர்ஸாகச் சேர்ந்து இரண்டாவது மாதம். மெடிக்கல் வார்டிலிருந்து ஸ்ட்ரெச்சரில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். 23 வயது, பிள்ளை பெற்று 18 நாள். நான்கு நாளாகப் பேச்சில்லை. கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. கஞ்சி ஊட்டப்போனால் வாயை இறுக மூடிக்கொண்டாள். பால் கட்டி மார்பு கல்லாகியிருந்தது. "காத்து கருப்பு அண்டிடுச்சோன்னு மந்திரிச்சு கயிறு கட்டினோம் சிஸ்டர்" என்றார் அவள் அம்மா.

பி.பி. பார்த்தேன். பட்டையைக் கழற்றிய பிறகும் அந்தக் கை இறங்கவில்லை. மெத்தைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றது. போய்க் குறிப்பு எழுதிவிட்டு வந்தேன், கை அதே இடத்தில். மடக்கினால் மெழுகு மாதிரி மெல்ல வளைந்து, விட்ட இடத்தில் நின்றது. விரிப்பு மாற்றத் தலையணையை உருவினோம். தலை கீழே சாயவில்லை. இல்லாத தலையணைமேல் இருப்பதுபோல் அந்தரத்தில் இருந்தது. "சரியான அழுத்தக்காரி" என்று ஆயாம்மாவிடம் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

டாக்டர் வந்து சோதித்துவிட்டு, "கேட்டடோனியா" என்றார். ஆள் விழித்திருந்தும் பேச்சும் அசைவும் உறைந்துபோகும் நிலை அது. 1874இலேயே ஜெர்மன் மருத்துவர் கால்பாம் இதைத் தனி நோய்நிலையாக எழுதிவைத்தார். அப்புறம் கிரேபெலின் என்ற இன்னொரு ஜெர்மன் மனநல மருத்துவர் இதை, பின்னாளில் ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) என்று பெயர் மாறிய நோயின் கீழ் சேர்த்துவிட்டார். ஒரு நூற்றாண்டுக்குமேல் அங்கேயே கிடந்தது. நான் படித்ததும் அப்படித்தான். உண்மையில் கடும் மனச்சோர்விலும் சோர்வும் மிகை உற்சாகமும் மாறிமாறி வரும் இருதுருவ நோயிலும்தான் இது அதிகம். மூளையைத் தாக்கும் அழற்சியிலும் வரும். அதனால் மனசா மூளையா என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. அவளுக்கும் மூளையின் எம்ஆர்ஐ ஸ்கேன், மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இஇஜி இரண்டும் எடுத்தார்கள். பிரசவத்துக்குப் பின் மூளை ரத்தக்குழாயில் உறைகட்டி இருக்கலாம், வெளியே தெரியாத வலிப்பும் ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க புஷ்–பிரான்சிஸ் அளவுகோல் என்று ஒன்று உண்டு. அதன் முதல் 14 அறிகுறிகளில் இரண்டு இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். அவளுக்கு ஆறு இருந்தன.

வார்டு ஃபிரிட்ஜிலிருந்து லோரசெபாம் என்ற, பதற்றம் தணிக்கும் ஊசிமருந்தை எடுத்துக் கொடுத்தேன். 2 மில்லிகிராம், நரம்பில் மெதுவாகப் போட்டார் டாக்டர். நான் மூச்சை எண்ணிக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் இருக்கும். கண் சிமிட்டினாள். தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்து, "தண்ணி" என்றாள். அந்த அம்மா டம்ளரைத் தேடக்கூட முடியாமல் அழுதார்.

இரண்டு மணி நேரத்தில் மறுபடி விறைத்துவிட்டாள். குடும்பத்துக்கு அது பெரிய அடி. ஆனால் மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது, வேளை தவறாமல் கொடுக்க வேண்டியதுதான். கேட்காவிட்டால் மின் அதிர்வு சிகிச்சை. மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள், இந்த நிலைக்கு அது நன்றாகவே கேட்கும். மனநோய்தானே என்று அவசரப்பட்டு ஸ்கிசோஃப்ரினியா போன்றவற்றுக்குக் கொடுக்கும் ஆன்டிசைக்காட்டிக் ஊசி போட்டால், காய்ச்சலும் விறைப்பும் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை அன்றுதான் கற்றேன். அசையாத காலில் ரத்தம் உறையும், பிள்ளை பெற்றவளுக்கு அந்தப் பயம் இன்னும் அதிகம். வேளாவேளைக்கு அவள் கால்களை மடக்கி நீட்டிவிட்டேன். "இப்போ வலது கால்மா" என்று சொல்லிச் சொல்லித்தான் செய்தேன். பதில் வராத ஆளிடம் பேச முதலில் கூச்சமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்திருந்தாள். "அசைஞ்சா பாப்பாவுக்கு ஏதாவது ஆயிடும்னு தோணிட்டே இருந்துச்சு சிஸ்டர். பயம்னா அப்படி ஒரு பயம்." கொஞ்சம் பொறுத்து, "எல்லாம் கேட்டுச்சு. அழுத்தக்காரின்னு சொன்னீங்கல்ல" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. "தப்புதான், மன்னிச்சிடும்மா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு குழந்தையை என் பக்கம் நீட்டினாள். "கொஞ்சம் பிடிச்சுக்கோங்க சிஸ்டர், கை வலிக்குது."