பிலாத்துவின் வீட்டுக்குப் போகாதவர்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், எங்கள் ஒழுங்கையின் மறுமுனையில் குடியிருக்கும் ஒரு தாய், தன் 13 வயது மகனைக் கையில் பிடித்தபடி படலையைத் திறந்துகொண்டு வந்தார். பையன் ஓய்வுநாள் பாடசாலையில் என் வகுப்பில் இருப்பவன். துடிப்பான பிள்ளை. அன்றைக்கோ அவன் கண்களுக்குக் கீழே கருமை படர்ந்திருந்தது. கதிரையில் உட்கார்ந்தவன், முதுகுப் பக்கம் திறந்திருந்த அறைக் கதவை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

"ராவெல்லாம் லைட்ட நூக்க விடுறானில்ல, அக்கா. கிணத்தடிக்குப் போறண்டாலும் நான் கூடப் போகணும்" என்றார் தாய்.

தவணைப் பரீட்சை முடிந்த இரவில், கூட்டாளிகளோடு சேர்ந்து, ஒரே கைத்தொலைபேசியில், விடியும்வரை மூன்று பேய்ப் படங்களைப் பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு ஒன்பது நாட்களாக அவனுக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. உறவினர் ஒருவர் நூல் ஓதிக் கட்டும் ஒருவரிடம் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். சபையைச் சேர்ந்த இன்னொருவர் வெள்ளிக்கிழமை நடக்கும், ஜெபத்தால் பேயோட்டும் விடுதலைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். இரண்டில் எது நல்லது என்று கேட்கவே தாய் வந்திருந்தார்.

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று மற்ற ஊரார் சொல்வதைக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். வந்தவர் எங்கள் உபசரிப்பில் மயங்கித் திரும்பிப் போக மனமில்லாமல் தங்கிவிடுவதைத்தான் அது குறிக்கிறது என்று நாங்கள் விளக்கம் சொல்வது வழக்கம் என்றாலும், மந்திரத்தைப் பற்றிய பயமும் அந்தப் பேச்சுக்குள் கலந்தே இருக்கிறது. செய்வினை, கழிப்பு, ஓதிய தண்ணீர், வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பது ஆகியவையெல்லாம் எங்களுக்குப் படத்தில் பார்த்துத் தெரிந்த காரியங்கள் அல்ல. ஞாயிறு காலையில் ஆலயத்தில் முன்வரிசையில் இருப்பவரின் சட்டைக் கைக்குள்ளும் கறுப்பு நூல் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே, பேய் என்ற ஒன்றே இல்லை, எல்லாம் மனப்பிரமை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை. வேதமும் அப்படி முடிப்பதில்லை. அது குறிசொல்வதையும் செத்தவர்களிடத்தில் விசாரிப்பதையும் உபாகமம் 18 ஆம் அதிகாரத்தில் விலக்குகிறது. அந்த விலக்கை அறிந்திருந்தும் சவுல் ராஜா பயத்தினால் எந்தோரிலிருந்த பெண்ணிடம் இரவில் மாறுவேடத்தில் போனதைச் சொல்கிறது. எபேசுவில் விசுவாசிகளானவர்கள் 50,000 வெள்ளிக்காசு பெறுமதியான மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லார் முன்னிலையிலும் எரித்ததையும் சொல்கிறது.

என்ன படம் பார்த்தாய் என்று பையனிடம் கேட்டேன். பேயின் கண்களையும் நகங்களையும் பற்றிச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் சொன்னது வேறு. "அவள் பாவம், டீச்சர். அவளக் கொண்டவனுகள ஒருத்தரும் பிடிக்கல்ல. அதான் வந்தாள்."

இந்தப் பதிவை எழுத வைத்தது இந்த வார்த்தைதான். ஒன்பது நாள் நித்திரையைப் பறித்த அந்த உருவத்தின் பக்கமே அவன் மனம் நின்றது.

நம் தமிழ்த் திரையின் பேய்களை எண்ணிப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை அநியாயமாகச் செத்தவர்களின் ஆவிகளாகவே இருக்கின்றன. 2011 இல் வந்த 'காஞ்சனா' படத்தில், நிலத் தகராறில் கொல்லப்பட்ட ஒரு திருநங்கையே ஆவியாக வந்து கொலையாளிகளைத் தேடுகிறாள். இடைவேளை வரைக்கும் நாம் அவளுக்குப் பயப்படுகிறோம். அவளுடைய கதை சொல்லப்பட்ட பிறகு, அவள் கொலை செய்யும்போது கைதட்டுகிறோம். பொலிசும் நீதிமன்றமும் செய்யாததை ஆவி செய்து முடிக்கிறது. மக்கள் மூடர்கள், அதனால் பேய்ப் படம் பார்க்கிறார்கள் என்று பிரசங்கத்தில் சொல்லப்படும்போது எனக்கு மனம் நோகிறது. தீர்ப்புக் கிடைக்காத சாவுகள் நிறைந்த ஒரு மண்ணில், செத்தவர்கள் திரும்பி வந்து கணக்குக் கேட்க வேண்டும் என்ற ஏக்கத்தை மூடத்தனம் என்று எப்படிச் சொல்வது? பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் நகரத்தின் மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய யூஜின் ஹெபர்ட் அடிகளார் 1990 ஓகஸ்ட் 15 அன்று காணாமற்போனார்; அவருடைய உடல்கூட இன்றுவரை கிடைக்கவில்லை. கொலை செய்யப்பட்ட ஆபேலின் இரத்தம் பூமியிலிருந்து கூப்பிடுகிறது என்று வேதத்தின் முதற் பக்கங்களே சொல்கின்றன. கடைசிப் புத்தகத்திலும், கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து, எதுவரைக்கும் நியாயத்தீர்ப்புச் செய்யாமல் இருப்பீர் என்று ஆண்டவரிடம் கேட்கின்றன. அவர்களை வாயை மூடச் சொல்லி யாரும் அதட்டவில்லை. வெள்ளை அங்கி கொடுக்கப்படுகிறது. இன்னும் கொஞ்சக்காலம் இளைப்பாறும்படி சொல்லப்படுகிறது.

அந்த ஏக்கத்துக்குத் திரைப்படம் கொடுக்கும் பதிலில்தான் எனக்குப் பிணக்கு. கொல்லப்பட்டவள் கொலையாளியாக மாறினால்தான் அந்தக் கதை முடியும். எங்கள் மாவட்டத்தில் பழிக்குப் பழி என்பது திரைக்குள் நிற்கும் காரியமல்ல. 1990 ஓகஸ்ட் மாதம் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தார், குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களில் ஒவ்வொரு சாவும் இன்னொரு சாவுக்கு நியாயமாகச் சொல்லப்பட்டதைக் கேட்டவர்கள் நாங்கள். காஞ்சனா வரிசையின் இன்னொரு படம் 2019 ஏப்ரல் 19 அன்று, பெரிய வெள்ளிக்கிழமையில், திரைக்கு வந்தது. இரண்டு நாள் கழித்து, உயிர்த்த ஞாயிறு காலையில், எங்கள் நகரத்தின் சீயோன் ஆலயத்தில் குண்டு வெடித்து 30 பேர்வரையில் இறந்தார்கள். ஓய்வுநாள் பாடசாலை முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் அவர்களில் பலர். இந்த இரண்டு திகதிகளுக்கும் ஒரு தொடர்புமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கிழமைக்குப் பிறகு, செத்த பிள்ளை ஆவியாக வந்து கழுத்தை நெரிக்கும் காட்சியை என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. அந்தத் தாய்மாரில் ஒருவர்கூடத் தன் பிள்ளை அப்படித் திரும்பி வரவேண்டும் என்று கேட்கமாட்டார்.

நூல் கட்டுபவரைக் கண்டிப்பது கிறிஸ்தவர்களான எங்களுக்கு இலகு. விடுதலைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்வதுதான் கடினம். ஆனாலும் சொல்லியாக வேண்டும். என் உறவுக்காரப் பெண்பிள்ளை ஒருத்தியை, அவளுக்கு 17 வயதாக இருக்கும்போது, அப்படியொரு கூட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அவளுக்கு இருந்தது வலிப்பு. மேடையில் அவளுடைய தலைமயிரைப் பிடித்துக்கொண்டு, ஒலிவாங்கியை அவள் வாயருகே நீட்டி, "உன் பெயர் என்ன, எப்போது வந்தாய்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தாவணி விலகியிருந்தது, ஒருவர் அதைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி யூடியூபில் ஏறியது. பின்னர் வைத்தியசாலையில் கொடுத்த குளிசைகளால் வலிப்பு நின்றுவிட்டது, ஆனால் அந்தப் படம் நிற்கவில்லை. அவளுடைய கலியாணப் பேச்சு ஒன்றின்போதும் யாரோ அதை எடுத்துக் காட்டினார்கள். பேயின் பேச்சைக் கேட்கும் ஆசையில் பிள்ளையின் மானத்தை மறந்துபோன கூட்டத்தை, கிறிஸ்துவின் நாமத்தைச் சொன்னார்கள் என்ற ஒரே காரணத்துக்காக என்னால் திரைப்படத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை. அப்போஸ்தலர் 19 இல் வரும், பேயோட்ட முயன்ற ஸ்கேவாவின் ஏழு குமாரரும் அதே நாமத்தைத்தான் சொன்னார்கள்; மந்திரமாகச் சொன்னார்கள், காயப்பட்டு ஓடினார்கள்.

மாற்கு 5 ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கல்லறைகளில் கத்திக்கொண்டு, கற்களால் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு திரிந்த ஒரு மனிதன் அங்கே இருக்கிறான். இயேசுவும் பெயர் கேட்கிறார், ஒரே ஒரு தடவை. அதன்பின் கதை பேயின் பின்னால் போவதில்லை. அந்த மனிதன் வஸ்திரம் தரித்து, புத்தி தெளிந்து, உட்கார்ந்திருக்கிறான் என்று மாற்கு எழுதுகிறார். உடுப்புக் கொடுத்தது யார் என்று அவர் சொல்லவில்லை. அங்கே நின்ற சீஷர்களில் ஒருவர் தன் மேலாடையைக் கழற்றிக் கொடுத்திருப்பார் என்றே நான் நினைத்துக்கொள்வேன். கூடவே வரட்டுமா என்று கேட்டவனைத் தன்னோடு அழைத்துச்சென்று ஊர் ஊராகச் சாட்சி சொல்லவைக்காமல், உன் வீட்டுக்குப் போ, உன் இனத்தாரிடம் போ என்று அவர் அனுப்பிவிடுகிறார்.

மனிதனுக்கு மறைபொருளின் மேல் இருக்கும் ஆசை முழுவதும் கெட்டது என்று நான் சொல்லவில்லை. சின்ன வயதில், பூரணை இரவொன்றில், என் தகப்பனார் எங்களைத் தோணியில் ஏற்றி, எங்கள் வாவியின் கல்லடிப் பாலத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். காற்று விழுந்திருந்தது. துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மேல் நுனியைக் காதில் வைக்கச் சொன்னார். ஆழத்தில் யாரோ ஒரே நரம்பை மெதுவாக மீட்டுவதுபோல் இருந்தது. பாடுவது மீனா, ஊரி என்ற சிப்பியினமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. 1848 இல் இங்கே வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டென்னென்டும் அதைக் கேட்டு வியந்து எழுதிவைத்தார். அன்றிரவு நாங்கள் யாரும் பயப்படவில்லை. திரும்பி வரும்போது என் தங்கை தகப்பனாரின் மடியில் நித்திரையாகிவிட்டாள். அறியாத ஒன்றின் முன்னால் மனிதன் அப்படியும் இருக்கலாம் என்பதை நான் அன்றைக்கே கற்றுக்கொண்டேன்.

தாயிடம், நூலும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம், கைத்தொலைபேசியை எட்டு மணிக்குப் பிறகு கொடுக்காதீர்கள், சில நாட்களுக்கு அவன் பக்கத்திலேயே படுங்கள் என்று சொன்னேன். பிறகு பையனோடு லூக்கா 24 ஆம் அதிகாரத்தை வாசித்தேன். கொலைசெய்யப்பட்ட ஒருவர் கல்லறையிலிருந்து திரும்பி வந்து நிற்கிறார். சீஷர்கள் ஆவியைக் கண்டதாக நினைத்துக் கலங்குகிறார்கள். அவர் கைகளையும் கால்களையும் காட்டுகிறார். சாப்பிட ஏதாவது உண்டா என்று கேட்கிறார். பொரித்த மீன்கண்டத்தையும் தேன்கூட்டுத் துணிக்கையையும் கொடுக்கிறார்கள் என்று எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. மீன்பாடும் தேன்நாடு என்று பெயர்பெற்ற மட்டக்களப்பில் பிறந்த ஒருவரால் அந்த வசனத்தைச் சும்மா கடந்துபோக முடியாது. அவர்கள் முன்பாக அவர் அதைச் சாப்பிட்டார்.

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: "அப்ப ஏன் டீச்சர், அவர் பிலாத்துட ஊட்டுக்குப் போகல்ல?"

இத்தனை வருடம் படிப்பித்தும், இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. அவன் பார்த்த படங்களின் நியாயப்படி அவர் முதலில் போயிருக்க வேண்டிய இடம், அவரைச் சிலுவையில் அறைய ஒப்புக்கொடுத்துவிட்டுக் கை கழுவிய தேசாதிபதி பிலாத்துவின் வீடுதான். நடுராத்திரியில் கதவு தானாகத் திறக்க, கை கழுவிய தண்ணீர் பாத்திரத்தில் இரத்தமாக மாற, காயங்களோடு அவர் பிலாத்துவின் கட்டில் ஓரத்தில் நின்றிருக்க வேண்டும். அதற்குப் பிறகு, அவரை விசாரித்த பிரதான ஆசாரியன் காய்பாவின் வீடு. அவரோ அழுதுகொண்டிருந்த மரியாளிடம் போனார். எம்மாவுக்கு நடந்துபோன இரண்டு பேரோடு கூட நடந்தார். தன்னை விட்டு ஓடிப்போய்ப் பயத்தில் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தவர்களின் நடுவிலே வந்து, "உங்களுக்குச் சமாதானம்" என்றார். துன்பப்படுத்திய ஒருவனைத் தேடியும் அவர் போனது உண்டு; தமஸ்குவுக்குப் போகும் வழியில், பின்னாளில் பவுலான சவுல் கீழே விழுந்தான், மூன்று நாள் பார்வையில்லாமல் இருந்தான், ஆனால் அவன் சாகவில்லை; அவனைத் தேடி வந்த அனனியா அவனைச் சகோதரனே என்று அழைத்தான்.

"அப்ப பிலாத்துக்கு ஒண்டும் இல்லையா?" என்றான் பையன். விடமாட்டான் என்று தெரிந்தது. இருக்கிறது, பூலோகத்தை நீதியாய் நியாயந்தீர்க்க ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது என்று அப்போஸ்தலர் 17 இல் எழுதியிருக்கிறது, தீர்ப்புச் சொல்லப்போகிறவரின் கைகளிலேயே ஆணித் தழும்பு இருக்கிறது என்றேன். அந்தப் பதில் அவனுக்கு முழுமையாகப் போதவில்லை. எனக்கும் சில இரவுகளில் அது போதுவதில்லை. அந்த இரவுகளில் நானும் பலிபீடத்தின் கீழிருப்பவர்களோடு சேர்ந்து, எதுவரைக்கும் என்று கேட்கிறேன்.

இருட்டுப்படத் தொடங்கியதால் தாய் எழுந்தார். அவர்கள் போக முன்னர் யோவான் 21 ஐயும் வாசித்தோம்: விடிகாலை, கடற்கரை, கரிநெருப்பு, அதன்மேல் மீன், மூன்று தடவை மறுதலித்த பேதுருவிடம் இயேசு மூன்று தடவை கேட்ட, என்னை நேசிக்கிறாயா என்ற ஒரே கேள்வி.

இந்தக் கிழமை தாயை வழியில் கண்டேன். கூடத்து லைட் இன்னும் எரிகிறதாம். கிணற்றடிக்கு மட்டும் தனியாகப் போகிறானாம். பேதுரு அந்த மீனைச் சாப்பிட்டாரா, இல்லையா என்று டீச்சரிடம் கேட்டு வரும்படி அவன் சொல்லியனுப்பியிருந்தான். யோவான் அதை எழுதவில்லை. வருகிற ஞாயிறு வகுப்புக்கு அந்த அதிகாரத்தையே எடுத்திருக்கிறேன்.