இருபது நிமிடத்தில் துரொம்பின் சொல்லும் சேதி

திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் வெட்டுக்காலத்தில் வயலில் பாம்பு கடித்தால் முதலில் பயப்பட வேண்டியது புடையனுக்கு, அதாவது கண்ணாடி விரியனுக்கு. அதன் நஞ்சு குருதியை உறையவைக்கும் புரதங்களில் 5ஆம், 10ஆம் காரணிகளைத் தூண்டிவிடும். உடனே துரொம்பின் அளவுமீறி உருவாகும். இந்த நொதியத்தின் வேலை, குருதியில் கரைந்திருக்கும் பைபிரினோஜன் என்ற புரதத்தை நறுக்கி, உறைகட்டியைப் பின்னும் பைபிரின் இழையாக்குவது. காயமே இல்லாத இடத்திலும் நறுக்கித் தள்ளினால் பைபிரினோஜன் தீர்ந்துபோகும். பிறகு பல் முரசிலிருந்தும் ஊசி குத்திய இடத்திலிருந்தும் குருதி கசியும்.

இதைக் கண்டுபிடிக்க இயந்திரம் தேவையில்லை. நாளத்திலிருந்து 2 மில்லிலீற்றர் புதுக் குருதியை உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒரேயொரு முறை சரியுங்கள். கட்டி நின்றால் உறைந்துவிட்டது. தண்ணீராய் ஓடினால் நஞ்சு குருதியில் வேலை செய்கிறது.

பிழை பெரும்பாலும் குழாயில்தான். பிளாஸ்டிக்கில் உறைதல் சரியாகத் தொடங்காது, சவர்க்காரம் போட்டுக் கழுவிய கண்ணாடியும் அப்படியே. நஞ்சே ஏறாதவருக்கும் ஏறியதாகக் காட்டும். இடையில் எடுத்து ஆட்டிப் பார்ப்பதும் கூடாது.

முதல் சோதனையில் உறைந்தாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். நஞ்சுமுறி மருந்து நஞ்சைத்தான் முறிக்கும், பைபிரினோஜனைத் தராது. அதை ஈரல் திரும்பச் செய்ய ஏறக்குறைய 6 மணித்தியாலம் எடுக்கும். அதனால்தான் நஞ்சுமுறி மருந்து ஏற்றிய பின் அடுத்த சோதனையும் 6 மணித்தியாலம் கழித்து. வலிக்கு அஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம்.