வங்காளப் பணத்தில் ஒரு வேல்ஸ் தோட்டம்

வேல்ஸில், கார்மார்தன்ஷயரில் இருந்த மிடில்டன் ஹால் மாளிகையின் கதையை நான் கல்கத்தாவிலிருந்தே தொடங்குவேன். அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலையில் பணியாற்றிப் பெரும்பொருள் சேர்த்த வில்லியம் பாக்ஸ்டன், 1789இல் அந்த நிலத்தை வாங்கி, கட்டடக் கலைஞர் சாமுவேல் பெப்பிஸ் காக்கரெலைக் கொண்டு புதிய மாளிகை எழுப்பி, சுற்றிலும் அணைகள் கட்டி ஏரிகளையும் அருவிகளையும் உருவாக்கினார். அந்தத் தண்ணீருக்கு வங்காளம் என்ன விலை கொடுத்தது என்பது வேறு கணக்கு.

என்னை ஈர்த்தது இரட்டை மதில் தோட்டம்தான். வெளிமதில் கல், உள்மதில் செங்கல். பகல் வெயிலின் சூட்டைச் செங்கல் வாங்கி வைத்திருந்து, மதிலோரப் பழமரங்களுக்கு இரவில் கொடுக்கும்.

1931இல் மாளிகை தீக்கிரையானது. பின்னர் எஞ்சிய சுவர்களும் இடிக்கப்பட்டன, ஏரிகள் வற்றின. 2000இல் அதே நிலத்தில் வேல்ஸ் தேசியத் தாவரவியல் பூங்கா திறக்கப்பட்ட பிறகு மதில் தோட்டமும் ஏரிகளும் படிப்படியாக மீண்டன, மாளிகை மீளவில்லை.