குன்னூர் மலைப்பாதை: சைக்கிள் இலக்கை உயரத்தில் வையுங்கள்

சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் நோட்டில் எழுதிவைக்கும் இலக்கு பெரும்பாலும் ‘மாதம் 500 கிலோமீட்டர்’ அல்லது ‘சராசரி வேகம் 25’ என்றுதான் இருக்கும். அதே எண்ணோடு நீலகிரிக்கு வந்தால் இரண்டு வாரத்தில் சைக்கிள் சுவரில் சாய்ந்துவிடும். மலையடிவாரத்தில் இருக்கும் கல்லாறு தாண்டியதும் வேகம் 8-க்கு இறங்கும். மூன்று மணி நேரம் மூச்சு வாங்கி மிதித்தும் 25 கிலோமீட்டர்கூடத் தேறாது. உழைப்பு கூடக்கூட எண் குறைவதைப் பார்த்துத்தான் பலருக்கு மனசு விட்டுப்போகிறது.

மலையில் எண்ண வேண்டியது ஏறிய உயரத்தை. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1,300 மீட்டர் ஏற்றம். மணிக்கு 400 மீட்டர் உயரம் ஏறினால் மூன்றேகால் மணி நேரம் பிடிக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு இது நல்ல வேகமே. வார இலக்கையும் இப்படியே வையுங்கள்: முதல் வாரம் 800 மீட்டர், அடுத்து 1,000, அதற்கடுத்து 1,200. நான்காம் வாரம் பாதியாக, 600. அந்த நான்காவது வாரத்தைச் சோம்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் ஆறாவது வாரத்தில் முழங்கால் வலி வருகிறது.

உயரத்தை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பக்கம் பாறைச்சுவரும் மேலே மரக்கூரையும் இருக்கும் இடங்களில் போனின் ஜிபிஎஸ் தடுமாறும். ஏறாத உயரத்தையும் சேர்த்துக் காட்டும். காற்றழுத்தத்தை வைத்து அளக்கும் மீட்டர் இதைவிட நம்பகமானது. ஆனால் மழை திரண்டு அழுத்தம் இறங்கினால், நின்ற இடத்திலேயே உயரம் கூடியதாகக் காட்டும். புறப்படும் முன் சரிபார்க்க எளிய வழி, ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகை. கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

இலக்குக்கு முன்னால் கியர். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். முன்னால் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 28 என்றால், மணிக்கு 8 கிலோமீட்டரில் மிதி நிமிடத்துக்கு 52 சுற்றுதான் வரும். அவ்வளவு மெதுவாக அழுத்தி மிதித்தால் பாரம் முழுவதும் முழங்காலில் இறங்கும். பின்னால் 34 பல் போட்டால் அதே வேகத்தில் 63 சுற்று கிடைக்கும். கேசட்டை, அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதியை, மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவிதான் டெரெய்லர்; அதில் செயினை இழுத்துப் பிடிக்கும் பகுதி கூண்டு. குட்டைக் கூண்டு உள்ள பழைய டெரெய்லர்கள் பல 34 பல்லைத் தாங்காது. நீளக் கூண்டு டெரெய்லரும் கூடுதல் கண்ணிகள் கொண்ட செயினும் வேண்டும். செயின் குட்டையாக இருந்து, முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரத்திலேயே செயினைப் போட்டுவிட்டால், டெரெய்லர் முறுக்கி ஆரக்கம்பிக்குள் போய்விடும்.

பாதையைத் துண்டாக்குங்கள். முதலில் கல்லாறு முதல் பர்லியாறு வரை கால் ஊன்றாமல் ஏறுவது மட்டுமே இலக்கு. அது இரண்டு முறை கைகூடிய பிறகு மரப்பாலம், பிறகு காட்டேரி, கடைசியாகக் குன்னூர். நேரத்தைக் குறைப்பதெல்லாம் அதற்கப்புறம். ஒவ்வொரு முறையும் நோட்டில் நான்கு விஷயம் எழுதுங்கள்: எடுத்த நேரம், அதிகம் ஓடிய கியர், கால் ஊன்றிய இடம், முந்தைய இரவுத் தூக்கம். நேரம் மோசமான நாளில் காரணம் பெரும்பாலும் நான்காவது வரியில் கிடைக்கும்.

எல்லோரும் செய்யும் பிழை, கீழே வேகமாகத் தொடங்குவது. கல்லாற்றில் கால் புதிது, சரிவும் கடுமையாகத் தெரியாது. பர்லியாறு வரையாவது ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் பேச முடிகிற அளவில்தான் மிதிக்க வேண்டும். குன்னூரைத் தாண்டி ஊட்டிக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2,240 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம். கீழே எடுத்த நேரத்தை அங்கே ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், பர்லியாறு வரையான வெக்கையில் இன்னும் கொஞ்சம் கூட. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால், மணிக்கு ஒரு வாழைப்பழமும் இரண்டு கடலை மிட்டாயும் பசிக்கும் முன்பே. வர்க்கியை மேலே போய் டீயுடன் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் அது வாயை உலர்த்தும், கொழுப்பும் அதிகம்.

நாட்காட்டியைப் பார்த்து இலக்கு வைப்பவர்கள் குறைவு. பெரிய ஏற்றத்துக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை பொருத்தம். ஆனால் ஊட்டிப் பக்கம் அதிகாலையில் உறைபனி இருக்கும். நன்றாக வெயில் வந்த பிறகே இறங்குங்கள். ஏப்ரல், மே சீசன் வண்டிகள். ஒருவழிப் பாதை அறிவித்துவிட்டால் உங்கள் திட்டமே தலைகீழாகும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் மண்சரிவும். அந்த இரண்டு மாதம் உயர இலக்கு வேண்டாம். வெலிங்டன், அரவங்காடு பக்கம் வாரம் மூன்று சிறு சுற்று போதும்.

பலா பழுக்கும் நாட்களில் பர்லியாறு, மரப்பாலம் பகுதிக்கு யானைகள் ஏறிவரும். விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகே கிளம்புங்கள். யானை சாலையில் நின்றால் திரும்பிவிடுவது என்பதையும் இலக்கின் ஒரு வரியாகவே எழுதிவையுங்கள். முன்பே முடிவெடுத்திருந்தால் அங்கே நின்று யோசிக்க வேண்டியிராது.

இறக்கத்துக்கு நேர இலக்கு ஒருபோதும் வைக்காதீர்கள். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்கை விடாமல் அழுத்தினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். நேர்ச்சாலையில் பிரேக்கைத் தளர்த்திவிட்டு, வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் இடைவெளி விட்டு அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். பாதியில் ஒருமுறை நின்று பிரேக் கட்டைகளைப் பாருங்கள். மழையில் மணல் ஒட்டி ஒரே இறக்கத்தில் தேய்ந்துபோவது உண்டு. நனைந்த பனியனோடு குன்னூரில் கிளம்பும் முன் நெஞ்சுக்கு ஒரு செய்தித்தாளை மடித்துச் செருகிக்கொள்ளுங்கள். குளிரில் விரல் விறைத்தால் பிரேக் பிடிக்கும் கையில் பலம் இருக்காது.